எண்ணெய்க்குள் இருக்கும் எள்

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய். வழுக்குகிற, பிசுபிசுக்கிற, தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கிற எதைக் கண்டாலும் நமக்கு வாயில் வருவது எண்ணெய் என்ற சொல்தான். கொப்பரையிலிருந்து வருவதும் எண்ணெய், பூமியைத் துளைத்து எடுப்பதும் எண்ணெய். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் எள் + நெய். எள்ளிலிருந்து எடுத்த நெய், அவ்வளவுதான். கணக்காகப் பார்த்தால் அந்தப் பெயருக்கு உரிமை உள்ளது நல்லெண்ணெய் ஒன்றுக்குத்தான். மற்றவை எல்லாம் எள்ளின் பெயரை வாங்கிக்கொண்டவை.

தேங்காய் எண்ணெய் என்று சொல்வது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. சொற்கள் இப்படித்தான் வளரும். எப்படி வளர்ந்தது என்று பார்க்கும்போதுதான், இங்கே மாறியது ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் என்று தெரிகிறது. ஒரு காலத்தில் நெய் என்பது எல்லாக் கொழுப்புக்கும் பொதுப்பெயர். எண்ணெய் என்பது அதில் ஒரு வகை. இன்று எண்ணெய் பொதுப்பெயர். நெய் என்றால் பசு நெய், எருமை நெய் என்று பாலிலிருந்து வருவது மட்டும். இரண்டும் இடம் மாற்றிக்கொண்டன. இது பிடிபட்டுவிட்டால் வெண்ணெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் என்ற பெயர்களெல்லாம் தானாகவே விளங்கும்.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடலாம். ளகர மெய்க்குப் பின் நகரம் வந்தால் இரண்டும் ணகரமாகும் என்பது விதி. தெள் + நீர் தெண்ணீர் ஆகிறது, உள் + நாக்கு உண்ணாக்கு ஆகிறது. அதே வழியில் எள் + நெய் எண்ணெய். இன்னொரு செய்தியும் உண்டு. எள்ளுக்கு எண் என்றே ஒரு பழைய வடிவம் இருந்தது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் 'எண்ணென் உணவுப்பெயர்' என்று ஒரு தொடர் வருகிறது. எண்ணிக்கையைக் குறிக்கும் எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே 'உணவுப்பெயர்' என்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். எள் என்று வைத்தாலும் எண் என்று வைத்தாலும் நெய்யோடு சேர்ந்தால் கிடைப்பது எண்ணெய்தான்.

பலரும் 'எண்ணை' என்றும் 'வெண்ணை' என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் அப்படித்தான் ஒலிக்கிறது, அதனால் கை அப்படியே எழுதிவிடுகிறது. ஆனால் உள்ளே நெய் இருப்பது நினைவில் இருந்தால் 'ணெய்' என்று எழுதுவதில் தடுமாற்றமே வராது. கடைப் பலகையில் எண்ணை என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். எழுத்துப் பிழை என்பதற்காக மட்டும் இல்லை, அந்த ஓர் எழுத்தில் சொல்லின் பாதி வரலாறு காணாமல் போய்விடுகிறது.

இப்போது நெய்க்கு வருவோம். பழந்தமிழில் இந்தச் சொல் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்குப் பொருநராற்றுப்படையில் இரண்டு அடிகள் போதும்.

'தேன்நெய்யொடு கிழங்கு மாறியோர்
மீன்நெய்யொடு நறவு மறுகவும்'

மலைப்பக்கத்து ஆட்கள் தேனையும் கிழங்கையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கடற்கரையிலிருந்து மீன் நெய்யையும் கள்ளையும் வாங்கிப் போகிறார்கள். சோழ நாட்டுப் பண்டமாற்றுக் காட்சி. தேனும் இங்கே நெய், மீனின் கொழுப்பிலிருந்து இறக்கியதும் நெய். பால் பக்கமே போகவில்லை. கெட்டியாக ஒழுகுகிற, கையில் ஒட்டுகிற, வழவழப்பான எதுவும் நெய்தான். இரத்தத்துக்குக்கூட நெய்த்தோர் என்று ஒரு பெயர் சங்க இலக்கியத்தில் உண்டு. இன்றைக்கு நாம் மீன் நெய் என்று சொல்வதில்லை, மீன் எண்ணெய் என்கிறோம். மாத்திரை டப்பாவிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அந்த இரண்டு சொற்களை அருகருகே வைத்தால் இந்த இடமாற்றத்தை நேரடியாகவே பார்த்துவிடலாம்.

வெண்ணெய் என்ற பெயரும் அந்தப் பழைய அகலத்திலிருந்து வந்ததுதான். வெண்மை + நெய், அதாவது வெள்ளை நெய். இன்றைய பொருளில் இது கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். வெண்ணெயை உருக்கித்தானே நெய் எடுக்கிறோம், அப்புறம் எப்படி வெண்ணெய்க்கு நெய்யின் பெயர் வந்தது? நெய் என்றால் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும். கடைந்தெடுத்த வெள்ளைக் கொழுப்பு வெண்ணெய், எள்ளை ஆட்டி எடுத்த கொழுப்பு எண்ணெய். இரண்டும் ஒரே வார்ப்பில் செய்த சொற்கள். கன்னடத்தில் பெண்ணெ, எண்ணெ. மலையாளத்தில் வெண்ண, எண்ண என்று இந்த ஜோடி அப்படியே இருக்கிறது. சித்த மருத்துவப் பாடல்களில் ஆமணக்கு நெய் என்று வருவதும் இதே பழைய வழக்கின் தொடர்ச்சி.

நெய்க்கு அன்பு என்ற பக்கமும் உண்டு. வடமொழியில் ஸ்நேகம் என்றால் எண்ணெய்ப் பசை என்றும் பொருள், அன்பு என்றும் பொருள். ஒட்டிக்கொள்வது என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் பிறந்தன. ஆயுர்வேதத்தில் உடம்பில் எண்ணெய் ஏற்றும் சிகிச்சைக்குச் சிநேகனம் என்றுதான் பெயர். நாம் சிநேகிதன், சிநேகிதி என்று சொல்லும்போது அந்தப் பசையும் கூடவே வருகிறது. நேயம், நேசம் ஆகியவற்றையும் அறிஞர்கள் இதே குடும்பத்தில் வைப்பார்கள். பூதத்தாழ்வார் 'அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக' என்று விளக்கேற்றினார். அகல், நெய், திரி என்று விளக்கின் மூன்று பாகங்களையும் அன்பின் நிலைகளாக ஆக்கிய அந்தப் பாசுரத்தில் ஆர்வத்துக்கு நெய்யைப் பொருத்தியது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. தீயைத் தாங்குவது அகல், ஆனால் எரிவது நெய்தானே.

கோயில் விளக்குக்கு நெய் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்குச் சோழர் கல்வெட்டுகளே சாட்சி. ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் இரவும் பகலும் எரியும் விளக்கு எரிக்க வேண்டுமானால் 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். அந்த ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் சாகும், குட்டி போடும், ஆனால் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். இது தானம் செய்ய வசதியுள்ளவர்களின் விளக்கு. எல்லா வீட்டிலும் ஆட்டு மந்தை இருக்குமா? சாதாரண வீட்டு அகலில் எரிந்தது வேறு. அங்கேதான் எள்ளும் ஆமணக்கும் வருகின்றன.

எள் ஏன் முன்னால் வந்தது என்பதை வயலில் வைத்துப் பார்க்க வேண்டும். நெல் அறுத்த தரிசில், நிலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி விதைக்கலாம். 80, 90 நாளில் கைக்கு வந்துவிடும். அதிகத் தண்ணீர் கேட்காது, சொல்லப்போனால் தண்ணீர் தேங்கினால்தான் கெடும். செடியை அறுத்து அடுக்கி வைத்து, காய் வெடித்ததும் தலைகீழாகக் கவிழ்த்து உதறினால் எள் கொட்டும். அந்தச் சின்ன விதையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அதைவிடப் பெரிய விஷயம், அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்காது. எள்ளில் செசமால், செசமாலின் போன்ற பொருள்கள் இருக்கின்றன. அவை எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதைத் தடுக்கின்றன. ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றினால்தான் நிற்கும் என்று பாட்டிமார் சொன்னதற்குக் காரணம் இதுதான். பஞ்சமில்லாமல் விளைவது, செக்கில் எளிதாக ஆட்ட முடிவது, மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளத் தாங்குவது: இந்த மூன்றும் ஒரே விதையில் சேர்ந்ததால் அன்றாடப் புழக்கத்தில் எண்ணெய் என்றாலே எள் என்றாகிவிட்டது.

எள்ளின் காட்டு உறவுச் செடி இன்றும் இந்தியத் துணைக்கண்டத்தில் வளர்கிறது. எள்ளைப் பயிராக்கியது இந்த மண்தான் என்பதே தாவரவியலாளர் பலரின் முடிவு. ஹரப்பா அகழாய்வில் கருகிய எள் ஒரு குவியலாகவே கிடைத்திருக்கிறது. வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் எண்ணெயோடு தொடர்புள்ள எல்லு என்ற சொல்லைத் தமிழ் எள்ளோடு சிலர் முடிச்சுப் போடுவார்கள். கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அறிஞர்கள் நடுவே இன்னும் முடியாத வாதம். இரண்டெழுத்துச் சொல் ஒன்று ஒலியில் ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு கடல் கடந்த உறவு கொண்டாட எனக்குத் துணிவில்லை.

அக்காடிய மொழியில் எள்ளுக்கு இருந்த முறையான பெயரைப் பார்த்தால் வேறொன்று தெரியும். சமஸ்ஸம்மு என்பது அந்தப் பெயர். அதற்கு எண்ணெய்ச் செடி என்று பொருள் சொல்கிறார்கள். கிரேக்கத்தின் செசமோன், ஆங்கிலத்தின் செசமி எல்லாம் அதன் வழி வந்தவை. அதாவது, அங்கே எண்ணெயை வைத்துச் செடிக்குப் பெயர் வந்தது. இங்கே செடியை வைத்து எண்ணெய்க்குப் பெயர் வந்தது.

எள் எண்ணெயாகும் இடம் செக்கு. இன்னும் மாட்டுச் செக்கு ஓடுகிற ஊர்களில் நின்று பார்த்தால் தெரியும், அது அவசரத்துக்கு ஆகிற வேலையில்லை. உரலில் எள்ளைக் கொட்டி, மாட்டைப் பூட்டிச் சுற்றவிட்டால் முதலில் கரகரவென்று சத்தம் வரும். எள் நசுங்க நசுங்கச் சத்தம் குறைந்து, கரிய மாவாகி, பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள், கருப்பட்டியைத் தட்டிப் போடுவார்கள். அதற்கப்புறம்தான் மாவு இறுகிப் பிண்ணாக்காகத் திரண்டு, எண்ணெய் தனியே பிரிந்து மேலே நிற்கும். கருப்பட்டி போட்ட எண்ணெய்க்குக் கசப்பு குறைவு, மணமும் தனி. 'எள் என்றால் எண்ணெயாக நிற்பான்' என்று சுறுசுறுப்பான ஆளைப் பாராட்டுவார்கள். செக்கடியில் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தப் பாராட்டின் முழு எடை தெரியும். எள்ளுக்கும் எண்ணெய்க்கும் நடுவே அத்தனை சுற்று இருக்கிறது.

இது பெரிய தொழில். சோழர் காலக் கல்வெட்டுகளில் தறிக்குத் தறியிறை போலச் செக்குக்குச் செக்கிறை என்று ஒரு வரி உண்டு. எண்ணெய் வாணிகம் செய்தவர்களைச் சங்கரப்பாடியார் என்று குறிப்பார்கள். நாயன்மாரில் ஒருவரான திருவொற்றியூர்க் கலிய நாயனார் செக்குத் தொழில் செய்த குலத்தவர். கோயிலில் விளக்கெரிப்பதே அவர் தொண்டு. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு 1908இல் வ.உ.சிதம்பரனாருக்குத் தண்டனை விதித்து, கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். ஒரு மாடு நாள் முழுக்கச் சுற்றுவது எப்படிப்பட்ட உழைப்பு என்று அறிந்தே கொடுத்த தண்டனை அது. செக்கிழுத்த செம்மல் என்ற பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், செக்கைப் பார்த்தவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.

எண்ணெய் என்ற சொல் தனியாக நின்று உலவுவதைப் பெரியாழ்வாரிடம் பார்க்கலாம். கண்ணன் பிறந்த வீட்டில் ஆயர்கள் கூத்தாடுகிறார்கள்: 'எண்ணெய் சுண்ணம் எதிரெதிர் தூவிடக் கண்ணன் முற்றம் கலந்து அளறாயிற்றே.' எண்ணெயையும் மஞ்சள் பொடியையும் ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்ததில் முற்றமே சேறாகிவிட்டது. அந்த முற்றத்தில் யாரும் நிமிர்ந்து நடந்திருக்க முடியாது. இன்றும் கிருஷ்ண ஜெயந்தி என்றால் பல ஊர்களில் வழுக்கு மரம் நடுகிறார்கள். பட்டையுரித்த நெட்டை மரத்தில் எண்ணெயைப் பூசி, ஏறுகிறவர்கள்மேல் தண்ணீரை அடித்து, உச்சியில் பரிசைக் கட்டிவிடுவார்கள். கண்ணன் பிறந்தநாளுக்கு வழுக்குவது ஒரு கொண்டாட்டம் என்பது ஆழ்வார் காலத்திலிருந்தே இருக்கிறது.

இனி முக்கியமான கேள்வி. எள்ளின் எண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்ற பெயர் எதற்கு? உடம்புக்கு நல்லது, அதனால் நல்லெண்ணெய் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது முழு விளக்கமாகத் தெரியவில்லை. தமிழில் 'நல்ல' என்ற அடைமொழிக்கு இன்னொரு வேலை உண்டு. ஒரு பெயரைப் பல பொருள்கள் பங்குபோட்டுக்கொள்ளும்போது, இதுதான் அசல் என்று காட்ட 'நல்ல' வந்து முன்னால் நிற்கும். கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் உப்புத் தண்ணீர் வந்த ஊர்களில் குடிக்கிற தண்ணீர் 'நல்ல தண்ணீர்' ஆகிறது. குமரி மாவட்டத்தில் மிளகுக்கு நல்லமிளகு என்று பெயர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து மிளகின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. எந்த மிளகு என்ற குழப்பம் வந்ததும், பழைய உரிமையாளருக்கு 'நல்ல' என்ற அடையாளம் தேவைப்பட்டது. (நல்ல பாம்பு வேறு கதை, பயத்தில் மரியாதை கொடுத்துச் சொல்வது அது.)

எண்ணெய்க்கு நடந்ததும் இதுவே என்று நினைக்கிறேன். எள்ளெண்ணெய் ஒன்றே அன்றாட எண்ணெயாக இருந்தவரை வெறும் எண்ணெய் என்றால் போதும். தேங்காயும் வேம்பும் புங்கும் இலுப்பையும் அந்தப் பெயரின் கீழ் வந்த பிறகு, எண்ணெய் என்று சொன்னால் 'எந்த எண்ணெய்?' என்ற கேள்வி வந்தது. அப்போது பெயரின் சொந்தக்காரனுக்கே ஓர் அடைமொழி தேவைப்பட்டது. தெலுங்கில் நூவு என்றால் எள். அதோடு நெய் சேர்ந்து நூனெ ஆயிற்று. அங்கும் நூனெ என்பது எல்லா எண்ணெய்க்கும் பொதுவாகிவிட, இன்று எள்ளின் எண்ணெயைச் சொல்ல நுவ்வுல நூனெ என்று எள்ளை மறுபடி முன்னால் சேர்க்கிறார்கள். கன்னடத்தில் எள்ளெண்ணெ என்கிறார்கள். அதைப் பிரித்தால் எள் + எள் + நெய். ஒரே சொல்லுக்குள் எள் இரண்டு முறை! முதல் எள்ளை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இது தென்னாட்டோடு நிற்கவில்லை. வடமொழியில் எள்ளுக்குத் திலம், அதிலிருந்து எடுத்தது தைலம். இந்தியில் அதுவே தேல் ஆகி, எல்லா எண்ணெய்க்கும் பொதுவாயிற்று. தமிழுக்கு வந்த தைலம் மட்டும் வேறு வழியில் போனது. நம்மிடம் ஏற்கெனவே எண்ணெய் இருந்ததால், தைலம் மருந்துப் பக்கம் ஒதுங்கிக்கொண்டது. மூலிகை போட்டுக் காய்ச்சியது, நெற்றியில் தடவுவது, மூட்டுக்குத் தேய்ப்பது எல்லாம் தைலம். திருவரங்கத்தில் பெரிய பெருமாள் திருமேனிக்குச் சாத்துவது தைலக்காப்பு. யூகலிப்டஸ் மரத்துக்கே தைல மரம் என்று பெயர் வைத்துவிட்டோம். புதுக்கோட்டைப் பக்கம் போனால் தைல மரக் காடுகள் பரந்து கிடக்கின்றன. எள்ளுக்கும் அந்த மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மத்தியதரைக் கடல் பக்கம் எள்ளின் இடத்தில் ஒலிவ மரம் இருந்தது. கிரேக்கத்தில் ஒலிவத்துக்கு எலாயா, அதன் எண்ணெய்க்கு எலாயோன். லத்தீனில் அது ஓலியம் ஆகி, அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஆயில் ஆயிற்று. எனவே இன்று கடைகளில் நாம் கேட்டு வாங்கும் ஆலிவ் ஆயிலும் கன்னட எள்ளெண்ணெய் மாதிரிதான், ஒலிவம் இரண்டு முறை இருக்கிறது. எந்த நாட்டில் எந்த மரமோ செடியோ வீட்டு விளக்கையும் அடுப்பையும் தாங்கியதோ, அதன் பெயர் அந்த நாட்டில் வழுக்குகிற எல்லாவற்றுக்கும் பெயராகியிருக்கிறது.

கேரளத்தில் தேங்காய் எண்ணெய்க்கு வெளிச்செண்ண என்று பெயர். விளக்கின் வெளிச்சத்துக்கான எண்ணெய். தமிழ்நாட்டில் அதே வேலையைச் செய்தது ஆமணக்கு. அதனால் அதன் எண்ணெய் விளக்கெண்ணெய். ஒரே பெயர்முறை, இரண்டு வேறு விதைகள். ஆமணக்கு எண்ணெயைக் கிராமத்தில் செக்கில் ஆட்டாமலே எடுப்பார்கள். முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை வழித்தெடுத்து மறுபடி காய்ச்சி ஈரத்தைப் போக்குவார்கள். நிதானமாக எரியும், அகலுக்கு ஏற்றது. பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுத்ததால் வீட்டில் அதற்குக் கெட்ட பெயர். மந்தமாக இருக்கிறவனை விளக்கெண்ணெய் என்று திட்டுவதும், கவனமாகத் தேடுகிறவனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறான் என்று சொல்வதும் இன்றும் ஓயவில்லை.

வழவழப்பு என்ற வகையில் பார்த்தால் விளக்கெண்ணெய்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதன் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரிசினோலெயிக் அமிலம். நாம் புழங்கும் மற்றத் தாவர எண்ணெய்களில் இல்லாத ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கொக்கி அந்த அமிலத்தில் இருக்கிறது. அதனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் கெட்டியாக, இரண்டு பரப்புகளுக்கு நடுவே பிதுங்கி ஓடிவிடாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். நம்மூர் வண்டிக்காரர்கள் வேதியியல் படிக்காமலேயே இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து மாட்டுவண்டியோடு தொங்கவிடுவார்கள். அச்சு கிறீச்சிட ஆரம்பித்தால் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை நகர்த்தி, அந்தக் கரிய மையை அச்சில் பூசுவார்கள். வண்டி மை என்றும் மசகு என்றும் அதற்குப் பெயர்.

அதே விளக்கெண்ணெய் முதல் உலகப் போரில் விமானங்களிலும் போனது. அன்றைய சுழல் எஞ்சின்களில் பெட்ரோல் ஆவி மசகோடு கலந்தே ஓடியது. சாதாரண மசகு பெட்ரோலில் கரைந்து மெலிந்துவிடும். விளக்கெண்ணெய் அவ்வளவாகக் கரையாது. இங்கிலாந்தில் 1909இல் வந்த காஸ்ட்ரால் என்ற எஞ்சின் ஆயில் பெயரிலும் ஆமணக்குதான் இருக்கிறது. ஆமணக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில். மாட்டுவண்டி அச்சுக்கும் போர் விமானத்துக்கும் ஒரே எண்ணெய்.

மசகு என்ற சொல் அதற்கப்புறம் இரண்டு கரைகளில் இரண்டு பொருளாகப் பிரிந்தது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் மசகு எண்ணெய் என்றால் உராய்வைக் குறைக்க இடுவது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் சுத்திகரிக்காத பெட்ரோலியம். சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கப்பலில் வந்து இறங்குவது அதுதான். நாம் அதையே கச்சா எண்ணெய் என்கிறோம். மசகு எண்ணெய் விலை ஏறியது என்று யாழ்ப்பாணத்து நாளிதழில் படிக்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எஞ்சின் ஆயில்தான் ஏறிவிட்டது என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. பணிமனைகளில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை, அங்கே ஆயில், கிரீஸ் என்ற இரண்டு சொற்களிலேயே வேலை முடிந்துவிடும்.

மண்ணெண்ணெய் வந்தது 19ஆம் நூற்றாண்டில். ஆபிரகாம் கெஸ்னர் என்ற கனடாக்காரர் 1854இல் உரிமம் பெற்ற கெரோசின் என்ற பெயர் கிரேக்கத்தில் மெழுகு என்ற சொல்லிலிருந்து செய்தது. பெட்ரோலியம் என்பதற்குப் பாறை எண்ணெய் என்று பொருள். தமிழர்கள் மெழுகை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டார்கள்: மண் + எண்ணெய். தெற்கே சில ஊர்களில் கப்பலில் வந்ததென்று சீமெண்ணெய் என்பார்கள். கெரோசின் ஆயில் என்ற ஆங்கிலச் சொல் வாயில் புரண்டு புரண்டு கிருஷ்ணாயில் என்றும் ஆனது. கடவுள் பெயராகிப் போன அந்த வடிவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழக்கமில்லாத ஒலியைப் பழகிய ஒலிக்கு இழுத்துக்கொள்வது மக்கள் பேச்சின் இயல்பு.

கடலை எண்ணெயும் ஒரு வந்தேறிதான். நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் அதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது மருவி அப்படியானது. அந்த மண்ணில் விளைந்த மல்லாட்டை 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாக மார்செய்க்குப் போய்ச் சோப்பானது. உள்ளூரில் பலகாரம் சுடுவதற்கு நல்லெண்ணெயின் இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்தது. இன்று பல வீடுகளில் நல்லெண்ணெய் இட்லிப் பொடிக்கும் தலைக்கும்தான்.

இப்போது இந்தச் சொல்லைப் பக்கத்திலிருந்து நெருக்குவது ஆயில். கவனித்துக் கேட்டால் ஒரு பிரிவினை தெரியும். தேங்காய், வேம்பு, ஆமணக்கு, எள், கடலை என்று ஊரில் விளைந்து ஊரில் ஆட்டியவை எண்ணெய். பாக்கெட்டில் நிறமில்லாமல் மணமில்லாமல் வருபவை ஆயில்: சன்ஃப்ளவர் ஆயில், ரைஸ் பிரான் ஆயில், பாமாயில். ரேஷன் கடையில் 2007 முதல் பருப்போடு பாமாயிலும் கொடுக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களில் சிலர் 'பாமாயில் எண்ணெய் போடுறாங்களா?' என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பனை ஒன்று, ஒலிவம் ஒன்று, எள் ஒன்று, நெய் ஒன்று என நான்கும் இருக்கின்றன. சிரிக்க வேண்டிய விஷயமில்லை இது. ஆயில் என்பது இன்னும் அவர்கள் காதில் பெயரின் பாகமாகத்தான் விழுகிறது. பொருளைச் சொல்ல எண்ணெய் தேவைப்படுகிறது.

சமீப வருடங்களில் ஊருக்கு ஊர் இன்னொரு பலகை முளைத்திருக்கிறது: மரச்செக்கு எண்ணெய். 100 வருடங்களுக்கு முன்னால் நம் ஊர்களில் அப்படி யாரும் தனியாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை, புழங்கிய எண்ணெயில் பெரும்பங்கு செக்கிலிருந்துதான் வந்தது. ஆலையில் விதையைச் சூடாக்கி, இரசாயனக் கரைப்பான் ஊற்றி, வெளுத்து, வாடை நீக்கி எடுக்கிற எண்ணெய் வெறும் எண்ணெய் என்ற பெயரை எடுத்துக்கொண்ட பிறகு, பழையதற்குச் செக்கு என்ற அடைமொழி வேண்டியதாயிற்று. எள்ளுக்கு 'நல்ல' வந்தது போலவே இது. அந்தக் கடைகளில் பலவற்றில் பாட்டில்மேல் ஒட்டும் சீட்டில் 'எள் எண்ணெய்' என்றும் அச்சடிக்கிறார்கள், கன்னடக்காரர்கள் சொல்வது போல எள்ளை இரண்டு முறை சேர்த்து.